மூணாவது குடம்

குடத்துக்குத்தானே வந்தே? தெரியும். உங்கம்மா நேத்து ஃபோன் பண்ணா. ஆறு வருஷத்துல அவளா பண்ணது இது மூணாவது ஃபோன். மொத ஃபோன் அங்க போய்ச் சேந்துட்டோம்னு சொல்றதுக்கு. ரெண்டாவது உனக்குப் பொண்ணு பொறந்ததுக்கு. இப்ப குடத்துக்கு. சரி, உக்காரு தணிகை. அந்த நாற்காலி வாணாம், கால் ஆடும். இந்த ஸ்டூல்ல உக்காரு. டீ போடட்டா? வாணாமா? கார்ல வந்தவங்களுக்கு நம்ம தெரு டீ எறங்காது போல.

வெள்ளிக்கிழமை பால் காய்ச்சறீங்களாமே, கூடுவாஞ்சேரில. நல்லா இருங்க. மூணு ரூமாம், மேல மொட்டை மாடியாம், உங்கம்மா சொல்லிக்கினே போனா. அவ பேர் வெட்டின குடத்துலதான் தண்ணி ரொப்பி உள்ள எடுத்துக்கினு போவணும்னு ஒத்தக் கால்ல நிக்கறாளாம். ஆசைதான். அது அவ கல்யாணத்துக்கு அவங்கம்மா குடுத்தது. எனக்குத் தெரியாதா? அதுல பேர் வெட்ட நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் பாத்திரக் கடைக்குப் போனோம். 'ஜெகதாம்பா'ன்னு வெட்றதுக்குள்ள கடைக்காரன் ரெண்டு தபா எழுத்தை வுட்டுட்டான். ரெண்டு தபாவும் சண்டை போட்டது நான்தான். உங்கம்மா பக்கத்துல நின்னு முந்தானைய மென்னுக்கினு இருந்தா.

ஆனா குடம் வராதுப்பா.

மூஞ்சிய தூக்கி வச்சுக்காதே. ஏன் வராதுன்னு கேளு, முழுசாக் கேளு. தண்ணி லாரி மூணு மணிக்குத்தான் வரும். அது வரைக்கும் எனக்கும் வேலை இல்ல, உனக்கும் இந்த வெயில்ல போவ வழியில்ல.

நம்ம கப்பல்காரச் சந்து வரிசை உனக்குத் தெரியாததில்ல. மறந்துட்டே, அதான். தெருவுல தண்ணி டேங்க் வச்ச மொத வாரம் இங்க நடந்தது தண்ணி புடிக்கிறதா இன்னா, குஸ்தி. மயிரைப் புடிச்சு இஸ்து, ஜாக்கெட் கிழிஞ்சு, ரோசம்மாவுக்குப் பல்லு ஒடைஞ்சு. அப்பால ஏகாம்பரண்ணன்தான் நடுவுல பூந்தாரு. ஹார்பர்ல எத்தினி பேரை மேய்ச்சவரு, நம்ம பொம்பளைங்களை மேய்க்க மாட்டாரா? அம்மன் கோயில் வாசல்ல சீட்டுப் போட்டுக் குலுக்குனாரு. பதினாலு வூடு, பதினாலு எடம். மொத எடம் அவருக்கே வந்துச்சு, அதுல எனக்கு இன்னிக்கும் சந்தேகம் கீது. ரெண்டாவது நானு. மூணாவது உங்கம்மா.

பிளாஸ்டிக் குடம் வச்சா எல்லாம் ஒரே பச்சை, ஒரே நீலம், எது யாருதுன்னு மறுபடி குஸ்தி வரும். அத்தொட்டு வூட்டுக்கு ஒரு எவர்சில்வர் குடம், பேர் வெட்டி, மொதல்ல வெக்கணும். அதுக்குப் பின்னால அந்த வூட்டு பிளாஸ்டிக் ரெண்டு. பேர் குடம் நின்னா எடம் நிக்கும். ஒரே ஒரு நாளு பேர் குடம் வரிசையில இல்லேன்னா எடம் போச்சு, கடைசிக்குப் போவணும். அதான் சட்டம். யாரும் எழுதி வெக்கல, யாரும் மீறவும் இல்ல.

அப்புறம் வரிசையில ஆள் பேரு கூப்புட மாட்டோம், குடத்துப் பேருதான். நெனப்பு கீதா? நீ நாலாங்கிளாஸ் படிக்கச்சொல்லோ, அவுந்த டிரவுசரை ஒரு கையால புடிச்சுக்கினு தெரு முனையில கோலி ஆடிக்கினு இருப்பே. "ஜெகதாம்பா குடம்!"னு நான் ஒரு சத்தம் வுடுவேன். "ஆங் அத்தை!"ன்னு ஓடியாருவே. சிரிக்கிறே பாத்தியா. நெனப்பு கீது.

அப்பால ஒவ்வொருத்தரா கெளம்புனீங்க. மொதல்ல மும்தாஜு, மாதவரத்துக்கு. அப்புறம் ரோசம்மா, பசங்க கூட்டிக்கினு போயிட்டாங்க. அப்புறம் நீங்க. அஞ்சு வருஷத்துல ஒம்பது வூடு. யாரு போனாலும் ஒரே வசனம்தான். பேர் குடத்தைக் கொண்டாந்து என் கையில குடுக்கறது, "எடத்தை வுட்டுடாத தேசம்மா, எப்ப வேணா திரும்பி வருவோம்"ன்னு சொல்றது. உங்கம்மாவும் இந்த வாசப்படியில நின்னு அதான் சொன்னா. அழுதா வேற. டெம்போவுல உங்க பீரோ ஏறிக்கினு இருக்கு, அவ என் கையப் புடிச்சுக்கினு அழுவறா. நீ ஹாரன் அடிச்சுக்கினே இருந்தே.

சரி, நான் வுட்டேனா? வுடல. ஒண்ணு வுட்டு ஒரு நாளு லாரி வரும். ஒவ்வொரு தபாவும் என் குடத்தோட சேத்து ஒம்பது பேர் குடத்தையும் எடுத்துக்கினு போய் அதது எடத்துல வச்சேன். காய்ச்சல்ல கூட வச்சேன். கால்ல ஆணி அறுத்தப்ப கூட நொண்டிக்கினே போய் வச்சேன். 

நீங்க போன வூட்டுக்குல்லாம் யாரு வந்தா? இந்திக்காரங்க! இரும்புக் கிடங்கு வேலைக்கு, ஓட்டல் வேலைக்கு, மெட்ரோ வேலைக்குன்னு. பீகாரு, ஒரிசா, நேபாளம், இன்னும் இன்னான்னாவோ பேரு சொல்றாங்க. மொதல்ல ஆம்பளைங்க மட்டும், ஒரு ரூம்ல எட்டு பேரு. அப்பால பொண்டாட்டி புள்ளைங்க. தெருவே மாறிப்போச்சுப்பா. கடுகு எண்ணெய் வாசனை தெரு முனையிலயே மூக்கைத் தூக்கும். காலையில கோயில் ஸ்பீக்கர்ல பாட்டு போட்டா இவங்க ஃபோன்ல வேற பாட்டு. நான் எங்க கீறேன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. வயிறு எரிஞ்சுது தணிகை, பொய் சொல்லல. நாம இந்த மண்ணோட ஆளுங்க. எங்க தாத்தா நெல்லூர்லேர்ந்து உப்புப் படகுல வந்து எறங்கினப்போ இங்க ஒண்ணுமே கெடையாது, வெறும் சவுக்குத் தோப்பு. எங்க வூட்ல இன்னிக்கும் கோவம் வந்தா தெலுங்குதான் வரும். அது வேற விஷயம். நான் சொல்றது இன்னான்னா, நேத்து வந்தவங்க வேற, நாம வேற.

அத்தொட்டு நான் முடிவு பண்ணேன். தெரு யாருதோ இருக்கட்டும், வரிசை நம்மளுது. பதினாலு பேர் குடம் நிக்கும், அதுக்கு அப்பாலதான் இவங்க பக்கெட்டு. டேங்க்ல தண்ணி பதினாலு வூட்டுக்குத்தான் கணக்கா வரும். சில நாளு கடைசியில ரெண்டு பக்கெட் தேறும், பல நாளு தேறாது. அவங்க ரயில்வே கேட்டாண்ட இருக்கற பம்பு வரைக்கும் நடந்து போவாங்க. ஏகாம்பரண்ணன் கேட்டாரு, "ஏம்மா தேசம்மா, கைக்கொழந்தக்காரிங்கள்லாம் ரயில்வே கேட் தாண்டிப் போவுதுங்களே, பாவமா இல்லியா?"ன்னு. எனக்கு ஒடனே வந்துடுச்சு ரோசம். "ஒம்பது வூட்டுத் தண்ணிய ஒத்தையா தூக்கறேனே, நான் பாவம் இல்லியா?"ன்னு கேட்டேன்.

அந்தத் தண்ணிய இன்னா பண்ணேன்னு கேக்கறியா? நல்ல கேள்வி. வித்தேன்னு ஒருத்தன் சொல்லட்டும், நாக்கை அறுத்துடுவேன். நான் குடிச்சேனா? அடுத்தவங்க தண்ணி நமக்கெதுக்கு? எந்த வூட்டுக் குடமோ அந்த வூட்டு வாசல்லதான் ஊத்துவேன். காலையில நாலரைக்கு எழுந்து, ஒம்பது வாசலும் தெளிச்சு, பெருக்கி, கோலம் போடுவேன். ரோசம்மா வாசல்ல கோலத்து நடுவுல ஒரு சிலுவை. மும்தாஜ் வாசல்ல வெறும் பூவு, அவளுக்குப் பூ புடிக்கும். உங்க வாசல்ல உங்கம்மா எப்பவும் போடற எட்டுப் புள்ளி சிக்குக் கோலம். உள்ள யாரு படுத்துக்கினு இருந்தா எனக்கு இன்னா? வாசல் உங்களுது. அதை இந்திக்காரங்களுக்குக் காட்டணும். தெனம் எழுந்து கதவைத் தொறந்தா, இது உன் வூடு இல்லடின்னு வாசலே சொல்லணும். ஒரு சொட்டு நான் வேஸ்ட் பண்ணல.

உங்க வூட்டுக்கு வந்தவ பேரு பூல்மதி. இருபத்தஞ்சு வயசு இருக்கும். வகுடு பூரா செந்தூரம், மூக்குல இவ்ளோ பெரிய மூக்குத்தி, இடுப்புல ஒரு புள்ள. குடத்தை இடுப்புல வெக்கத் தெரியாது அவளுக்கு, தலையிலதான். புருஷன் இரும்புக் கிடங்குல. அவ வந்த பத்தாவது நாளோ இன்னாவோ, நான் உங்க வாசல்ல தண்ணி தெளிச்சுக்கினு இருக்கேன், கதவு தொறந்துச்சு. நான் நிமுந்தேன். இப்ப கேக்கட்டும், ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்னு தயாரா நிக்கறேன். அவ என்னையும் பாத்தா, கோலத்தையும் பாத்தா, பொசுக்குனு என் கால்ல வுழுந்துட்டா!

எனக்கு எப்புடி இருக்கும் சொல்லு. "ஏய், எழுந்திரு, உனக்கு இல்லடி, இது ஜெகதாம்பா வாசலு"ன்னு கத்தறேன். "அச்சா மாதாஜி, அச்சா மாதாஜி"ன்னு கண்ணுல ஒத்திக்கறா. அவ ஊர்ல இப்படி இருட்டோட வந்து வாசலை மெழுகிக் கோலம் போடறது வேண்டியவங்களுக்குத்தான் போல. புது ஊர்ல ஒரு பெரிய மனுஷி தனக்குத் தெனம் வாசல் தெளிக்குதுன்னு நெனச்சுக்கினா. அவ மட்டுமா? மத்த எட்டு வூட்லயும் அதே நெனப்பு. நான் வயித்தெரிச்சல்ல போட்ட கோலம்ப்பா அது! இவங்க கண்ணுக்கு அது பாசமாத் தெரியுது. நேபாளத்துக்காரி கோலத்தை மிதிக்காம தாண்டித் தாண்டிப் போவுது. நம்ம ஆளுங்க எவன் அப்படித் தாண்டினான்? நீயே சைக்கிள உட்டு ஏத்திக்கினு போவே.

அன்னிலேர்ந்து ஆரம்பிச்சுது பேஜாரு. நான் ஒம்பது குடம் தூக்கறதைப் பாத்துட்டு பூல்மதி ஓடியாந்து வாங்கிக்குவா. வுடுடின்னா வுட மாட்டா. என் வாசல்ல கிண்ணத்துல இன்னாவோ வச்சுட்டுப் போவா. மாவு உருண்டையச் சுட்டு, உள்ள வறுத்த கடலை மாவு, பூண்டு, மொளகா. மொத நாளு நாய்க்குப் போட்டேன். ரெண்டாவது நாளு நாய் வாசல்லயே வந்து காத்துக்கினு இருந்துச்சு, அப்படி இன்னாதான் இருக்குதுன்னு ஒரு கடி கடிச்சுப் பாத்தேன். அவ்ளோதான். நல்லா இருந்துச்சுன்னு நான் சொன்னேனா? சொல்லல. கிண்ணத்தைக் கழுவிக் குடுக்கறது நம்ம வழக்கம், வெறும் கிண்ணம் குடுக்கக் கூடாது, அத்தொட்டு கொஞ்சம் கருவாட்டுக் கொழம்பு ஊத்திக் குடுத்தேன். அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. நீ போய் உங்கம்மாகிட்ட வேற மாதிரி சொல்லி வெக்காதே.

தமிழு கூட அவ வரிசையில நின்னுதான் கத்துக்கினா. வேற யாரு கத்துக் குடுப்பா? நான் அவளைத் திட்டறதுதான் அவளுக்குப் பாடம். "கண்ணு தெரியலியா?", "உங்கப்பன் வூட்டுத் தண்ணியா?", "தள்ளி நில்லுடி" இதுல்லாம் சுத்தமா வரும். சாப்டியான்னு கேக்கத் தெரியாது.

இப்ப விஷயத்துக்கு வரேன். போன வருஷம் தண்ணி ஆபீசுலேர்ந்து பேப்பர் வந்துச்சு, டேங்க் லிஸ்டுல இருக்கறவங்க பேரை எழுதி அனுப்புன்னு. தெருவுல எழுதிப் படிக்கறதும் வரிசை பாத்துக்கறதும் நான்தானே. ஏகாம்பரண்ணன் படிச்சுப் படிச்சு சொன்னாரு: "போனவங்க பேரை எடுத்துடு, இருக்கறவங்க பேரைப் போடு. பத்து வூட்டுக்குக் கொறஞ்சா டேங்கைத் தூக்கி அடுத்த தெருவுக்கு வச்சுடுவாங்க." நான் கேக்கல. பழைய பதினாலு பேரையும் அப்படியே எழுதினேன். கீழ ஒரு வரி, "புதிதாக யாரும் இல்லை". கையெழுத்துப் போட்டேன். என் கையால நான் அந்தப் பேருங்களை எடுத்துட்டு இந்திப் பேரை எழுதறதா? எழுத மாட்டேன்.

ரெண்டு மாசம் முன்னால ஆபீசுலேர்ந்து ஒரு சாரு வந்துட்டாரு. சரியா லாரி டைமுக்கு. கையில என் லிஸ்டு. சின்ன வயசு, ஆனா கறாரு. "பேர் இருக்கறவங்கல்லாம் அவங்கவங்க குடத்தாண்ட நில்லுங்க"ன்னாரு. நாங்க நின்னோம். ஏகாம்பரண்ணன், நானு, அப்பால மூணு பேரு. மீதி ஒம்பது குடம் தனியா நிக்குது. வெயில்ல பளபளன்னு. பாக்கறதுக்கு எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. வரிசையில வச்சு எத்தினி வருஷமாப் பாக்கறேன், அன்னிக்குத்தான் அதுங்க பின்னால யாரும் இல்லேன்னு கண்ணுல பட்டுச்சு.

இந்திக்காரங்கல்லாம் பக்கெட்டோட கடைசியில. டேங்க் போச்சுன்னா அவங்களுக்கு இன்னா, எப்படியும் கேட் தாண்டிதான் போறாங்க. போச்சுன்னா எங்க அஞ்சு பேருக்குத்தான் போச்சு. என்னாலதான் போவுது. அது எனக்குத் தெரியும், ஏகாம்பரண்ணனுக்கும் தெரியும். பாத்தாரு, அவ்ளோதான்.

சாரு படிக்கறாரு. "ஏகாம்பரம்." டிக்கு. "தேசம்மாள்." டிக்கு. "ஜெகதாம்பா." பதில் இல்ல. "ஜெகதாம்பா யாரும்மா?" நான் வாயைத் தொறக்கறேன், சத்தம் வரல. என் வாய் தணிகை! இந்தத் தெருவே பயப்படற வாயி. வெளியூரு போயிருக்கான்னு ஒரு பொய் சொல்லலாம், அது கூட வரல. அவரு பேனாவைக் கீழ கொண்டு போறாரு, பேரை அடிக்கறதுக்கு.

பின்னால டக்குனு பக்கெட்டை வெக்கற சத்தம். பூல்மதி வரா. புள்ளைய இந்தப் பக்கம் மாத்தி வச்சுக்கினு, வரிசைய ஒட்டி நடந்து வந்து, உங்கம்மா குடத்து மேல கையை வச்சு நின்னுட்டா.

சாரு பாத்தாரு. "நீ ஜெகதாம்பாவா?"

"நான் பூல்மதி. இந்தக் குடத்து வூட்ல நான்தான் கீறேன்."

"லிஸ்டுல உன் பேர் இல்லியே. புதுசா யாரும் இல்லேன்னு எழுதியிருக்காங்களே."

அவ இன்னா சொன்னா தெரியுமா? என் தமிழ்ல, என் ராகத்துல, இடுப்புல கை வச்சுக்கினு சொல்றா. "இன்னா சார், கண்ணு தெரியலியா? அங்க பாரு, என் வாசல்ல கோலம். இவங்க தெனம் வந்து தண்ணி தெளிக்குது, கோலம் போடுது. ஆளு இல்லாத வூட்டுக்கு யாராவது தெனம் கோலம் போடுமா?"

அவரு திரும்பித் தெருவைப் பாத்தாரு. ஒம்பது வாசல்லயும் கோலம். அன்னிக்குன்னு பாத்து நான் கோலத்தைச் சுத்திக் காவி வேற கட்டியிருந்தேன். ரோசம்மா வாசல்ல சிலுவை, மும்தாஜ் வாசல்ல பூவு. இது நடக்கச்சொல்லோ நேபாளத்துக்காரி வந்து ரோசம்மா குடத்தாண்ட நின்னுட்டா. ஒரிசாக்காரரு ஒருத்தரு, நல்ல வயசானவரு, மும்தாஜ் குடத்தாண்ட. ஒவ்வொருத்தரா வந்து, அவங்கவங்க வூட்டுக் குடம் எதுன்னு ஒருத்தரை ஒருத்தரு கேக்காம, தப்பாம வந்து நின்னாங்க. எப்படித் தெரியும்? எந்தக் குடத்துத் தண்ணி எந்த வாசலுக்குப் போவுதுன்னு தெனம் பாத்துக்கினுதானே கீறாங்க.

சாரு என்னைப் பாத்தாரு. "ஏம்மா, லிஸ்டு எழுதுனது நீங்கதானே? நீங்க சொல்லுங்க. இவங்க இந்த வூட்டு ஆளுங்களா, இல்லியா?"

தெருவே என் வாயைப் பாக்குது. இல்லேன்னு சொன்னா டேங்க் போச்சு. ஆமான்னு சொன்னா ஆறு வருஷமா நான் புடிச்சுக்கினு நின்னது போச்சு. பூல்மதி மட்டும் என்னைப் பாக்கல. நான் இன்னா சொல்லுவேன்னு அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லாத மாதிரி, புள்ள மூக்கைத் தொடச்சுக்கினு நிக்கறா. அது எனக்கு இன்னும் கோவம்.

"கோலத்தைப் பாத்தா தெரியல? தெரியாத ஆளை எதுக்கு ஆபீசுலேர்ந்து அனுப்பறாங்க?"ன்னேன். அவ்ளோதான் சொன்னேன். ஆமான்னு நான் சொல்லவே இல்ல, நல்லா கேட்டுக்கோ. அவரு சிரிச்சுக்கினே ஒம்பது டிக்கு போட்டாரு. பக்கத்துல புதுப் பேரை எழுதினாரு. அவரு எழுதினது, நான் எழுதல.

அன்னிக்கு சாயங்காலம் பூல்மதிய நிறுத்திக் கேட்டேன். "ஏண்டி, உனக்கு ஒரு நாளாவது இந்த வரிசையில தண்ணி வுட்டேனா? எதுக்குடி வந்து நின்னே?" அவ சொல்றா, "நீங்கதானே மாதாஜி என் வூட்டுக்கு எடம் புடிச்சு வச்சீங்க. நான் வரதுக்கு முன்னாடிலேர்ந்து." புரிஞ்சு சொன்னாளா, புரியாம சொன்னாளா, இன்னி வரைக்கும் எனக்குத் தெரியல. வாயில இருந்த பாக்கைத் துப்பிட்டு உள்ள போயிட்டேன்.

அதுக்காக எனக்கு அவங்களைப் புடிச்சுப்போச்சுன்னு நெனச்சுக்காதே. கடுகு எண்ணெய் இன்னும் நாறத்தான் நாறுது. ராத்திரி ஃபோனு சத்தத்துக்கு இன்னும் நான் செவுத்தைத் தட்டத்தான் தட்டறேன். ஆனா வரிசைன்னா வரிசை. குடம் இருக்கற எடத்துல ஆள் நிக்கணும். இப்ப உங்க வாசலை அவளே தெளிக்கறா. எட்டுப் புள்ளிய வச்சுட்டு அப்பால சிக்கெடுக்கத் தெரியாம திருதிருன்னு முழிப்பா, நான்தான் போய் சரி பண்ணணும். இடுப்புல குடம் வெக்கறதுக்கும் பழகிட்டா, முக்காவாசி.

இப்ப சொல்லு. உன் கையில நான் குடத்தைக் குடுத்தா இன்னா ஆவும்? பேர் குடம் ஒரு நாளு இல்லேன்னா எடம் போச்சு. நான் கண்டு புடிச்ச சட்டமா? உங்கப்பாவும் உக்காந்து ஒத்துக்கினு போட்ட சட்டம். கைக்கொழந்தைய வச்சுக்கினு அவ கடைசிக்குப் போவணுமா? அவளுக்காக சொல்லல. சட்டத்துக்காக சொல்றேன்.

இன்னா சொன்னே? புதுசா ஒரு குடம் வாங்கித் தரியா? அவ பேரு வெட்டியா? ஆகா, காரு வச்சுக்கினு இருக்கறவன்ல. வாங்கறதா இருந்தா உங்கம்மாவுக்கு வாங்கு. கூடுவாஞ்சேரில கடை இல்லியா? பேரை நல்லா பாத்து வெட்டச் சொல்லு, எழுத்தை வுட்டுடுவானுங்க.

"எங்க குடம்"னு இன்னொரு தபா சொல்லாதே. சொல்லாதேன்னா சொல்லாதே. வூட்டைக் காலி பண்ணிட்டுப் போனீங்களே, ஒரு பொங்கலுக்கு வந்தீங்களா? அம்மன் கோயில் ஆடிக் கூழுக்கு வந்தீங்களா? எங்க வூட்டுக்காரு செத்தப்ப உங்கம்மா வருவா வருவான்னு வாசலைப் பாத்துக்கினே இருந்தேன். மாலையும் வரல, ஆளும் வரல. மழையாம். பூல்மதி அன்னிக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாதவ, வந்து என் பின்னால உக்காந்து முதுகைத் தடவிக்கினே இருந்தா, பொணம் எடுக்கற வரைக்கும். எழுந்து போடின்னேன். போவல. அன்னிக்கு எல்லாம் எனக்கு உங்கம்மா மேலதான் ஆத்திரம், அதை அவ மேல காட்டினேன். சரி, அது எதுக்கு இப்ப.

உங்கம்மாவுக்குக் குடம் வேணுமா? வரச் சொல்லு. உன்னை அனுப்பறது இன்னா வேலை? முட்டி வலியாம், முட்டி எனக்கு வலிக்கலியா? கார்ல கூட்டிக்கினு வந்து டேங்காண்ட எறக்கு. வரிசையில வந்து நிக்கட்டும், ஜெகதாம்பா குடம்னு நான் கூப்புடறேன், ஆங்னு சொல்லட்டும், எடுத்துக்கட்டும். அவ வந்து நின்னா நான் தடுப்பேனா? வரட்டும். ஒரு தபா வரட்டும் தணிகை. வந்து மூஞ்சியக் காட்டச் சொல்லு.

இரு. சத்தம் கேக்குது பாத்தியா? அதான், லாரி. முனையில திரும்புது. கொஞ்சம் நவுரு, கதவாண்ட உன் ஸ்டூலு.

ஜெகதாம்பா குடம்! ஏ ஜெகதாம்பா குடம்! லாரி வந்துடுச்சு, ஓடியா!

நீ ஏம்ப்பா எழுந்துக்கறே? உன்னைக் கூப்புடல. உக்காரு.